கிரெட்னா: எல்லையோரக் கிராமத்து கிளப் ஏறிய கதையும் விழுந்த கதையும்

2002-இல் ஸ்காட்லாந்து லீக்கில் சேர்ந்த ஒரு கிராமத்து கிளப், அடுத்த ஐந்து வருடத்துக்குள் நாட்டின் முதல்தர லீக்குக்குப் போனது, நடுவே தேசியக் கோப்பையின் இறுதிப் போட்டியில் ஆடி பெனால்டியில் தோற்றது, ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் யூஇஎஃப்ஏ கோப்பையிலும் தலைகாட்டியது, அப்புறம் 2008 கோடையில் இல்லாமலே போனது. கிரெட்னா எஃப்சி. 2001 கணக்கெடுப்பின்படி அந்த ஊரின் மக்கள்தொகை 2,700 சொச்சம். கால்பந்து ரசிகர்கள் இந்தக் கதையைப் பெரும்பாலும் இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள்: பணக்காரர் ஒருவர் வந்தார், பணத்தைக் கொட்டினார், அவர் போனதும் எல்லாம் போச்சு. அது பொய் இல்லை. ஆனால் அந்தப் பணக்காரர் வருவதற்கு முன்னாலேயே அந்தக் கிளப்புக்கு 57 வயது ஆகியிருந்தது என்பதும், அந்த 57 வருடமும் அது தன் காலிலேயே நின்றது என்பதும் அந்த இரண்டு வரியில் விடுபட்டுப் போகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். ஐம்பத்தேழு வருடம் தாக்குப்பிடித்த ஒன்று, வசதி வந்த ஐந்து வருடத்தில் எப்படிச் செத்தது?

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்திலிருந்து மேற்குப் பக்கமாக ஸ்காட்லாந்துக்குள் நுழைந்தால் வருகிற முதல் ஊர் இதுதான். சார்க் என்று ஒரு சின்ன ஆறு, அதைத் தாண்டினால் கிரெட்னா. பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் கிரெட்னா கிரீன் உலகம் முழுக்கப் பிரபலம், காரணம் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்வது. 1754-இல் இங்கிலாந்தில் ஒரு திருமணச் சட்டம் அமலுக்கு வந்தது: 21 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தச் சட்டம் செல்லாது. சாட்சிகள் முன்னால் இருவரும் வாயால் சொன்னாலே அன்றைய ஸ்காட்லாந்தில் கல்யாணம் ஆனதாகக் கணக்கு. அதனால் வீட்டை விட்டு ஓடிவந்த ஜோடிகள் குதிரை வண்டியில் எல்லையைக் கடந்ததும் கண்ணில் படுகிற கொல்லன் பட்டறையிலேயே, இரும்பை வைத்து அடிக்கும் அடைகல் முன்னால் நின்று கல்யாணத்தை முடித்தார்கள். அந்த அடைகல்தான் பிற்காலத்தில் கால்பந்து கிளப்பின் சின்னமும் ஆனது.

இப்போதிருக்கும் கிரெட்னா ஊர் அதைவிடப் புதியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் குண்டு மருந்து போதாமல் போனபோது, 1915-16-இல் இந்த எல்லையோரத்தில் ஒன்பது மைல் நீளத்துக்கு ஒரு பிரம்மாண்டமான கார்டைட் தொழிற்சாலையைக் கட்டினார்கள். அங்கே வேலை பார்த்த பல்லாயிரம் பேரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் தங்குவதற்காகத் திட்டம் போட்டுக் கட்டியதுதான் இந்த ஊர். போர் முடிந்து தொழிற்சாலையை மூடினார்கள், வந்தவர்களில் பாதிக்கு மேல் கிளம்பிவிட்டார்கள், வீடுகள் நின்றன.

1946-இல், இரண்டாம் உலகப் போர் முடிந்து இளைஞர்கள் ஊர் திரும்பிய சமயத்தில், கிளப் தொடங்கியது. ஸ்காட்லாந்துக் கிளப்தான், ஆனால் அடுத்த வருடமே எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கார்லைல் வட்டார லீக்கில் சேர்ந்துவிட்டது. இதில் விசித்திரம் ஒன்றுமில்லை. கார்லைல் பத்து மைல் தூரம், கிளாஸ்கோ எங்கேயோ வடக்கே. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கு அப்புறம் திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டிய ஆட்கள், பஸ் ஏறிப் போய் ஆடிவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பக்கூடிய லீக் எதுவோ அதில்தான் ஆடுவார்கள். கிழக்குக் கரையில் இதற்கு நேரெதிராக, இங்கிலாந்து மண்ணில் இருக்கிற பெர்விக் ரேஞ்சர்ஸ் ஸ்காட்லாந்து லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. எல்லையோர மக்களுக்கு எல்லை அவ்வளவு பெரிய விஷயம் இல்லை.

இப்படி இங்கிலாந்தின் கீழ்மட்ட லீக்குகளிலேயே ஐம்பது வருடத்துக்கும் மேல் ஓடியது. 1982-இல் நார்தர்ன் லீக்கில் சேர்ந்தார்கள், 1991, 1992 என்று அடுத்தடுத்து இரண்டு முறை அதை வென்றார்கள், அங்கிருந்து நார்தர்ன் பிரீமியர் லீக்குக்குப் போனார்கள். 1991-இல் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையில் முதல் சுற்று வரை வந்தது ஒரு தனிச் செய்தி. ஸ்காட்லாந்து கிளப் ஒன்று அந்தச் சுற்றில் ஆடுவது 1887-க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. ராச்டேலுடன் 0-0, மறு ஆட்டத்தில் 3-1 தோல்வி. 1993-இல் மறுபடி முதல் சுற்று, இந்த முறை போல்டன் வாண்டரர்ஸ். பழம்பெரும் கிளப், அவர்களிடம் 3-2 என்று கடைசியில்தான் தோற்றார்கள். சம்பளத்துக்கு ஆடுகிற அணியை, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிற ஆட்கள் வியர்க்க வைத்தார்கள் என்றால், கிளப்பை நடத்தியவர்களுக்கு வேலை தெரிந்திருந்தது என்று அர்த்தம். பின்னால் நடந்ததைச் சொல்லும்போது இந்தக் காலத்தை எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சொந்த நாட்டு லீக்கில் ஆடவேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருந்துகொண்டேதான் இருந்தது. தொண்ணூறுகளில் இரண்டு தடவை மனுப் போட்டார்கள், இரண்டு தடவையும் வேறு ஊர்க் கிளப்புகளுக்குத்தான் இடம் கிடைத்தது. அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்து லீக்குக்குள் நுழைய, கீழே ஜெயித்து மேலே ஏறும் வழி கிடையாது. உள்ளே இருக்கிற கிளப்புகள் கூடி ஓட்டுப் போட்டுச் சேர்த்துக்கொண்டால்தான் உண்டு, அதற்கும் ஒரு இடம் காலியாகவேண்டும். 2002-இல் ஏர்ட்ரியோனியன்ஸ் என்ற 124 வருடப் பழைய கிளப் கடனில் மூழ்கிக் கலைந்தது. அந்தக் காலி இடத்துக்கு, அதே ஏர்ட்ரி ஊர்க்காரர்கள் புதிதாகத் தொடங்கிய கிளப்பும் போட்டியிட்டது, ஓட்டெடுப்பில் கிரெட்னா ஜெயித்தது. ஒரு கிளப் செத்ததால் திறந்த கதவு வழியாகத்தான் கிரெட்னா உள்ளே போனது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்தில் அப்போது நான்கு அடுக்கு. மேலே பிரீமியர் லீக், அதன் கீழ் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் டிவிஷன்கள். கிரெட்னா அடிமட்டத்தில் ஆரம்பித்தது. மேனேஜர் ரோவன் அலெக்சாண்டர், முன்னாள் ஸ்டிரைக்கர், 2000-த்திலிருந்தே கிளப்பில் இருந்தவர். இரண்டாவது சீசனில் மூன்றாம் இடம். இதற்குள் புரூக்ஸ் மைல்சன் வந்துவிட்டார்.

மைல்சனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. சண்டர்லாந்துக்காரர், ஏழைக் குடும்பம். சிறுவயதில் கல்குவாரியில் விழுந்து முதுகெலும்பு உடைந்து, நடப்பதே கஷ்டம் என்று டாக்டர்கள் சொன்ன பையன், பிற்பாடு நெடுந்தூர ஓட்டக்காரராக ஆனார். கட்டுமானத் தொழில், அப்புறம் இன்சூரன்ஸ் என்று சம்பாதித்தார். குதிரைவால் போட்ட நீள முடி, ஜீன்ஸ், விரலிடுக்கில் எப்போதும் சிகரெட். கார்லைல் பக்கத்தில் இருந்த வீட்டில் கைவிடப்பட்ட விலங்குகளை ஒரு கூட்டமாக வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். கிரெட்னாவுக்கு வருவதற்கு முன்பே வட இங்கிலாந்தின் எத்தனையோ சின்னக் கிளப்புகளுக்குக் கைகொடுத்தவர், நார்தர்ன் லீக்குக்கே அவருடைய கம்பெனி ஸ்பான்சராக இருந்தது. ஆட்டம் பார்க்க வந்தால் முதலாளிகள் உட்காரும் இடத்தில் உட்காரமாட்டார், ரசிகர்களோடு போய் நின்றுகொள்வார். கால்பந்தை வைத்துக் காசு பார்க்க வந்தவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அவர் எதையும் எடுத்துப் போகவில்லை, கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆபத்தும் அதிலேயே இருந்தது.

பணம் வந்ததும் முதலில் மாறியது ஆட்டக்காரர்களின் தரம். தேர்ட் டிவிஷனில் எதிரணிகளில் பெரும்பாலோர் எலக்ட்ரீஷியன், ஆசிரியர், தபால்காரர் என்று பகலில் வேலை பார்ப்பவர்கள். வாரத்தில் இரண்டு சாயங்காலம் பயிற்சி. கிரெட்னாவோ தினமும் பயிற்சி செய்யும் முழுநேர ஆட்டக்காரர்களை இறக்கியது. 2004-05 சீசன் ஒருதலைப்பட்சமாகப் போனது: 36 ஆட்டத்தில் 32 வெற்றி, 98 புள்ளி, 130 கோல். அதில் 38 கோல் கென்னி டூச்சர் அடித்தது. இவர் நிஜமாகவே மருத்துவம் படித்த டாக்டர், மருத்துவ வேலையும் கால்பந்துமாக இருந்தவர். ஒரே சீசனில் ஆறு ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) அடித்து, இங்கிலாந்தின் பழைய ஸ்டிரைக்கர் ஜிம்மி கிரீவ்ஸ் வைத்திருந்த பிரிட்டிஷ் சாதனையைச் சமன் செய்தார். டிவியில் முடிவுகள் படிப்பவர்கள் அவரை 'நல்ல டாக்டர்' என்று செல்லமாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள், கிரெட்னா என்ற பெயர் அப்படித்தான் நாடு முழுக்கப் பரவியது.

அடுத்த வருடம், 2005-06, செகண்ட் டிவிஷனையும் சுலபமாக ஜெயித்தார்கள். ஆனால் அந்த வருடத்துப் பேச்சு முழுக்க ஸ்காட்டிஷ் கோப்பை. கிளைட், செயின்ட் மிர்ரன் என்று மேலடுக்கு அணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, ஹாம்ப்டன் மைதானத்தில் நடந்த அரையிறுதியில் டண்டியை 3-0 என்று அடித்து, இறுதிக்குப் போனார்கள். மூன்றாம் அடுக்கில் இருக்கிற கிளப் அந்த இறுதிக்குப் போனது அதுதான் முதல் தடவை.

2006 மே 13. எதிரே எடின்பரோவின் ஹார்ட்ஸ், அந்த வருடம் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்த அணி. அதே ஹாம்ப்டன் மைதானத்தில் 51,232 பேர், கிரெட்னா போல பத்தொன்பது ஊரை அந்த ஸ்டேடியத்தில் உட்கார வைக்கலாம். முதல் பாதியில் ஸ்காச்செல் ஹார்ட்ஸுக்கு கோல் அடித்தார். இரண்டாம் பாதியில் கிரெட்னாவுக்கு ஒரு பெனால்டி, ரயன் மக்கஃபி உதைத்தார், கீப்பர் கிரெய்க் கோர்டன் தடுத்தார், பந்து திரும்பி வந்தது, மக்கஃபியே ஓடிவந்து உள்ளே தள்ளினார். 1-1. கூடுதல் நேரத்திலும் ஹார்ட்ஸால் அவர்களைப் பிரிக்க முடியவில்லை. பெனால்டி ஷூட்டவுட்டில் டெரெக் டவுன்ஸ்லி அடித்ததைக் கோர்டன் தடுத்தார், கேவின் ஸ்கெல்டன் அடித்தது குறுக்குக் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. 4-2. ஸ்கெல்டன் என்ற பெயரை நினைவில் வையுங்கள், கடைசியில் மறுபடி வருவார்.

ஹார்ட்ஸ் ஏற்கெனவே சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குப் போய்விட்டதால், தோற்றாலும் கிரெட்னாவுக்கு யூஇஎஃப்ஏ கோப்பையில் இடம் உறுதி. ஆகஸ்டில் அயர்லாந்துத் தீவின் டெர்ரி சிட்டி வந்து 5-1 என்று வெளுத்துவிட்டுப் போனது, மறு ஆட்டம் 2-2. ஆனால் அந்த 'சொந்த மைதான' ஆட்டம் கிரெட்னாவில் நடக்கவில்லை. ஊரில் இருந்த ரேடேல் பார்க் ஐரோப்பிய ஆட்டத்துக்குத் தகுதியான மைதானம் கிடையாது, அதனால் மதர்வெல் ஊரின் ஃபிர் பார்க்கை வாடகைக்கு எடுத்தார்கள். கொண்டாட்டத்துக்கு நடுவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2006-07, ஃபர்ஸ்ட் டிவிஷன். ஆரம்பத்தில் பெரிய இடைவெளியில் முன்னால் போனார்கள், வசந்த காலத்தில் தடுமாறினார்கள். அலெக்சாண்டர் உடல்நலக் காரணத்தால் ஒதுங்க, பயிற்சியாளர் டேவி அயர்ன்ஸ் பொறுப்பேற்றார். கடைசி நாள் ஏப்ரல் 28, செயின்ட் ஜான்ஸ்டன் ஒரு புள்ளி பின்னால். கிரெட்னா வடகோடியில் இருக்கும் டிங்வால் ஊரில் ராஸ் கவுண்டியுடன் ஆடுகிறது, ராஸ் கவுண்டிக்கும் அது வாழ்வா சாவா ஆட்டம், தோற்றால் கீழே இறங்கவேண்டும். செயின்ட் ஜான்ஸ்டன் தன் ஆட்டத்தை 4-3 என்று ஜெயித்து முடித்துவிட்டு மைதானத்திலேயே காத்திருக்கிறது. இங்கே 90 நிமிடம் முடிந்து 2-2, அப்படியே நின்றால் கோப்பை செயின்ட் ஜான்ஸ்டனுக்கு. காயங்களுக்காகக் கூட்டிக் கொடுத்த நேரத்தில் ஜேம்ஸ் கிரேடி அடித்தார். 3-2. மூன்று வருடத்தில் மூன்று டிவிஷன் ஏற்றம்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். நான் போடுவது மாதிரிக் கணக்குதான், கிளப்பின் ஏடு இல்லை. ஆட்டத்துக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள், ஆளுக்கு 10 பவுண்ட் டிக்கெட், வருடத்துக்கு 18 சொந்த மைதான ஆட்டம் என்று வையுங்கள். மொத்த வசூல் 1,80,000 பவுண்ட். அதே கிளப் 25 முழுநேர ஆட்டக்காரர்களுக்கு வாரம் 700 பவுண்ட் கொடுத்தால், சம்பளம் மட்டும் வருடத்துக்கு 9,10,000. பஸ், ஓட்டல், பயிற்சியாளர்கள், மைதானப் பராமரிப்பு எல்லாம் தனி. இந்த இடைவெளியை நிரப்பியது ஒரே ஒருவரின் பாக்கெட். ஒவ்வொரு டிவிஷன் ஏறும்போதும் சம்பளம் எகிறும், ஆனால் ஊரில் ஆள் கூடுமா? 2,700 பேர் 2,700 பேர்தான். பக்கத்து ஊர்களிலிருந்து இழுக்கலாம் என்றால், தெற்கே இருப்பவர்கள் பரம்பரையாகக் கார்லைல் யுனைடெட், மேற்கே டம்ஃப்ரீஸ்காரர்கள் குவீன் ஆஃப் தி சவுத், மற்றவர்கள் கிளாஸ்கோவின் இரண்டு பெரிய கிளப்புகளில் ஒன்று. ஒரு குடும்பம் அப்பா, தாத்தா காலத்திலிருந்து ஆதரித்துவந்த கிளப்பை விட்டுவிட்டு, பக்கத்து ஊர் அணி இரண்டு வருடம் நன்றாக ஆடுகிறதே என்று மாறிவிடாது. ரசிகர் கூட்டம் வளர ஒரு தலைமுறை பிடிக்கும். கிரெட்னா அந்தத் தலைமுறைக் காலத்தை மூன்று வருடமாகச் சுருக்கப் பார்த்தது.

இது போதாதென்று மைதான விதி. அப்போது பிரீமியர் லீக்கில் ஆட 6,000 இருக்கை கொண்ட ஸ்டேடியம் கட்டாயமாக இருந்தது. முன்பு இது 10,000 ஆக இருந்தது, அந்த விதியால் 2003-இல் ஃபால்கர்க் தகுதி பெற்றும் ஏற முடியாமல் போனது, 2004-இல் ஏறிய இன்வர்னஸ் நூறு மைலுக்கும் மேல் தள்ளி அபர்டீனில் போய் சொந்த மைதான ஆட்டங்களை ஆட வேண்டியிருந்தது. ஆனால் இன்வர்னஸ் ஒரு நகரம், பாதி சீசனுக்குள் இருக்கை போட்டுக்கொண்டு ஊர் திரும்பிவிட்டது. மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் 6,000 இருக்கை போட்டு யாரை உட்கார வைப்பது? ஊர் மொத்தமும் வந்தாலும் பாதிக்கு மேல் காலி. இப்படி ஒரு விதியைச் சின்ன ஊர்களுக்கும் சேர்த்து எழுதியவர்கள் ஏற்றம் இறக்கம் என்ற ஏற்பாட்டையே நம்பாதவர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஜெயித்தால் மேலே வரலாம் என்று சொல்லிவிட்டு, வந்தவனை வாசலில் நிறுத்தி, 'வீடு எத்தனை சதுர அடி?' என்று கேட்டால் எப்படி?

ஆக, 2007-08 முழுக்க கிரெட்னாவின் சொந்த மைதானம் 120 கிலோமீட்டர் தள்ளி மதர்வெல்லில். ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிற நூறு இருநூறு பேர், பதின்மூன்றாயிரம் இருக்கை கொண்ட ஃபிர் பார்க்கின் ஒரு மூலையில். வாடகை வேறு. அந்த மழைக்காலத்தில் இரண்டு கிளப்புகள் ஒரே புல்தரையில் மாறிமாறி ஆடி அது சேறாகிப்போக, சில ஆட்டங்களை லிவிங்ஸ்டனுக்கு மாற்றினார்கள். ஏப்ரலில் இன்வர்னஸுடன் நடந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 431 பேர், பிரீமியர் லீக் வரலாற்றிலேயே மிகக் குறைவு. ஊரில் ஆடியிருந்தால் ஒருவேளை இதைப் போல மூன்று மடங்கு வந்திருப்பார்கள். சாயங்காலம் நடந்தே போய் பார்க்கிற தூரத்தில் இருப்பதுதான் ஒரு கிராமத்து கிளப்பின் ஒரே சொத்து. மேலே ஏறியபோது முதலில் பறிபோனது அதுதான்.

ஆட்டத்திலும் தேறவில்லை. ஆகஸ்டில் முதல் ஆட்டமே ஃபால்கர்க்கிடம் 4-0 தோல்வி. பிப்ரவரியில் அயர்ன்ஸ் மார்ட்டன் என்ற வேறு கிளப்புக்குப் போய்விட்டார், மிக் வாட்ஸ்வொர்த் வந்தார். அதே மாதம் மைல்சனின் உடல்நிலை மோசமானது. ஏற்கெனவே இதய நோய், நீண்டநாள் சோர்வு நோய் என்று அவதிப்பட்டவர், இப்போது ஆஸ்பத்திரியில். பணம் நின்றது. படிப்படியாகக்கூட இல்லை, குழாயை மூடினால் எப்படி நிற்குமோ அப்படி. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. மார்ச் 12 அன்று கிளப் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது, விதிப்படி 10 புள்ளி வெட்டினார்கள், மார்ச் முடிவதற்குள் கீழே இறங்குவது உறுதியானது. கடன் சுமார் 40 லட்சம் பவுண்ட் என்று தெரியவந்தது.

மிச்ச ஆட்டங்களை ஆடி முடிக்கப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? பிரீமியர் லீக்கே. இரக்கம் மட்டும் காரணம் இல்லை. நடு சீசனில் ஒரு கிளப் கலைந்தால் அது ஆடிய எல்லா ஆட்டத்தின் முடிவையும் அழிக்கவேண்டும், அப்போது செல்டிக்குக்கும் ரேஞ்சர்ஸுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்த சாம்பியன் பட்டத்துக்கான போட்டியின் புள்ளிக் கணக்கே குழம்பும். அதனால் சீசன் முடியும்வரை உயிரைப் பிடித்து வைத்தார்கள். இதற்குள் ஆட்டக்காரர்கள், அலுவலக ஊழியர்கள் என்று ஒரு பட்டாளத்துக்கே வேலை போயிருந்தது. கதை சொல்பவர்கள் மைல்சனையும் கோப்பை இறுதியையும் பற்றிப் பேசுவார்கள், சமையலறையிலும் டிக்கெட் கவுண்டரிலும் இருந்தவர்களைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

2008 மே 13, கடைசி ஆட்டம். எதிரே ஹார்ட்ஸ். கோப்பை இறுதி நடந்து நாள் பிசகாமல் இரண்டு வருடம். எஞ்சியிருந்த சில மூத்தவர்களும் பொடிப்பையன்களுமாக ஒரு அணி. 1-0 என்று கிரெட்னா ஜெயித்தது, ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கோல் அடித்தவர் கேவின் ஸ்கெல்டன். ஹாம்ப்டனில் யாருடைய உதை கம்பத்தில் பட்டுத் தெறித்ததோ, அவரேதான். கிரெட்னா எஃப்சி அடித்த கடைசி கோல் அது. அந்த சீசன் முழுக்க ஜெயித்தது ஐந்தே ஆட்டம், வெட்டுப் போக 13 புள்ளி, கடைசி இடம்.

வாங்க ஆள் வரவில்லை. அடுத்த சீசனை முடிப்பார்கள் என்று உத்தரவாதம் இல்லாததால் லீக் அவர்களை மறுபடி தேர்ட் டிவிஷனுக்கே தள்ளியது, ஜூன் 3 அன்று கிளப் உறுப்பினர் பதவியைக் கைவிட்டது. ஆகஸ்டில் கிளப் முறைப்படி கலைந்தது. நவம்பரில் மைல்சன் தன் வீட்டு வளாகத்துக் குளத்தில் இறந்து கிடந்தார். 60-ஐ ஒட்டிய வயது.

அவரைக் குற்றவாளி ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அவருடைய நல்ல மனசைச் சொல்லி மொத்தத்தையும் மூடிவிடவும் முடியாது. அவர் செய்த பிழை, கிளப்புக்குத் தன்னைத் தவிர வேறு வருமானத்தை ஏற்படுத்தாமல் போனது. அதே பணத்தில் பாதியை ரேடேல் பார்க்கில் இருக்கை போடவும், ஒரு வைப்பு நிதி வைக்கவும் செலவழித்து, ஃபர்ஸ்ட் டிவிஷன் பக்கமே போகாமல் செகண்ட் டிவிஷனில் இருபது வருடம் ஆடியிருந்தால் இன்றைக்கும் கிளப் இருந்திருக்கும். யாரும் அதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

'ஒரே பணக்காரர்' முறை எல்லா இடத்திலும் இப்படித்தான் முடியும் என்றும் சொல்ல முடியாது. கிரெட்னா செத்துக்கொண்டிருந்த அதே 2008 மே மாதத்தில், ஜெர்மனியில் சுமார் மூவாயிரம் பேர் வாழும் ஹோஃபன்ஹைம் கிராமத்தின் கிளப் அந்நாட்டு முதல்தர லீக்கான பண்டஸ்லீகாவுக்கு ஏறியது. அங்கேயும் ஒரே ஆள், எஸ்ஏபி என்ற சாஃப்ட்வேர் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான டீட்மார் ஹாப், இளமையில் அதே கிளப்பில் ஆடியவர். வித்தியாசம் என்னவென்றால், அவர் கிட்டத்தட்ட இருபது வருடம் எடுத்துக்கொண்டார், இளைஞர் பயிற்சிக்கூடம் கட்டினார், பக்கத்து ஜின்ஸ்ஹைமில் 30,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் 2009 ஜனவரியில் திறந்தது, சுற்றுவட்டாரத்தில் பல லட்சம் மக்கள். வளர்த்து விற்ற ஆட்டக்காரர்களின் பணமும் உள்ளே வந்தது, ராபர்ட்டோ ஃபர்மினோ லிவர்பூலுக்குப் போனது அங்கிருந்துதான். மைல்சனைவிடப் பல மடங்கு பெரிய பணம் என்பதும் உண்மை.

கிரெட்னா விட்டுப்போன லீக் இடத்துக்கு மறுபடி ஓட்டெடுப்பு நடந்தது. கிடைத்தது யாருக்கு என்று பார்த்தால், மேற்கே எட்டு மைலில் இருக்கும் ஆனன் அத்லெட்டிக்குக்கு. அவர்களும் கிரெட்னாவைப் போலவே நெடுங்காலம் கார்லைல் லீக்குகளில் ஆடியவர்கள்தான். பகுதிநேர ஆட்டக்காரர்கள், கைக்கு அடங்கிய செலவு, ஆரவாரமில்லாத சீசன்கள். இதை எழுதும்போதும் லீக்கில்தான் இருக்கிறார்கள். 2023-இல் ஒரு படி மேலேகூட ஏறினார்கள், முழுக்க முழுக்க ஆட்டத்தில் ஜெயித்து.

கிரெட்னா ரசிகர்களும் சும்மா இருக்கவில்லை. அதே 2008 கோடையில் கிரெட்னா எஃப்சி 2008 என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள், இந்த முறை ரசிகர்களே சேர்ந்து நடத்தும் கிளப். கிழக்கு ஸ்காட்லாந்து லீக்கில் அடிமட்டத்திலிருந்து ஆரம்பம், முதலில் மைதானம்கூடக் கிடையாது, ஆனனில் போய் ஆடினார்கள், சில வருடம் கழித்து ரேடேல் பார்க்குக்கே திரும்பினார்கள். 2013-இல் லோலேண்ட் லீக் உருவானபோது அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். மேலே வருவார்களா என்று தெரியாது. வரவேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

அந்த லோலேண்ட் லீக் வந்ததோடு முக்கியமான ஒரு விஷயம் மாறியது. 2014-15 சீசனிலிருந்து, அந்த லீக்கின் சாம்பியனும் வடக்கே ஹைலேண்ட் லீக்கின் சாம்பியனும் மோதி, ஜெயித்தவர் நான்காம் அடுக்கின் கடைசி அணியோடு ஆடி இடத்தைப் பிடிக்கலாம் என்று ஆனது. ஏர்ட்ரியோனியன்ஸ் செத்துத்தான் கிரெட்னாவுக்கு இடம், கிரெட்னா செத்துத்தான் ஆனனுக்கு இடம் என்ற நிலை போய்விட்டது. ஃபைஃப் பகுதியில் பழைய நிலக்கரிச் சுரங்கக் கிராமமான கெல்ட்டியின் கெல்ட்டி ஹார்ட்ஸ் கிளப் (எடின்பரோவின் ஹார்ட்ஸ் இல்லை) 2021-இல் அந்த வழியாகத்தான் லீக்குக்குள் வந்தது, அடுத்த வருடமே நான்காம் அடுக்கை வென்று மூன்றாம் அடுக்குக்குப் போனது.